கேமராமேன் பார்த்ததும் ஃபிலிம் பார்த்ததும்: ஆரிஃப்ளெக்ஸின் கதை

ஃபிலிமில் படம் எடுத்தவர்களுக்குத் தெரிந்த ஒரு விநோதம் உண்டு. ஷாட் ஓடிக்கொண்டிருக்கிறது. கூட்டத்தில் யாரோ ஃப்ளாஷ் அடித்துவிடுகிறார்கள். வ்யூஃபைண்டரில் கண் வைத்திருக்கும் கேமராமேனுக்கு அந்த வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தால் நிம்மதி, ஃபிலிமில் அது விழவில்லை. தெரியாமல் போனால்தான் கவலை, அது ஃபிலிமில் ஏறியிருக்கும்.

காரணம் எளிமையானது. கேமராமேனின் கண்ணுக்கும் ஃபிலிமுக்கும் வெளிச்சம் ஒரே நேரத்தில் போவதில்லை. மாறி மாறிப் போகிறது, நொடிக்கு 24 தடவை. கணக்குப் பார்த்தால் இரண்டரை மணி நேரப் படத்தில் ஃபிலிம் பார்த்தது ஒண்ணேகால் மணி நேரம், கேமராமேன் பார்த்தது மீதி ஒண்ணேகால் மணி நேரம். திரையில் நாம் பார்க்கும் ஒரு கணத்தைக்கூட, எடுத்த ஆள் எடுக்கும்போது பார்த்ததில்லை.

இந்த ஏற்பாட்டை 1937இல் ஒரு கேமராவுக்குள் ஒழுங்காக வேலை செய்ய வைத்தவர்கள் ஜெர்மனியின் மியூனிக் நகரத்து ஆரி நிறுவனத்தார். படத்தின் டைட்டிலில் அவர்கள் பெயரைப் பார்க்கிறோமோ இல்லையோ, நாம் பார்த்த படங்களில் பெரும்பங்கு அவர்களுடைய கேமராவுக்குள் ஓடி வந்தவைதான்.

ஆகஸ்ட் ஆர்னால்டும் ராபர்ட் ரிச்டரும் பள்ளித் தோழர்கள். 1917இல், முதல் உலகப் போர் இன்னும் முடியாத நேரத்தில், மியூனிக்கின் ட்யூர்க்கன் வீதியில் முன்பு செருப்புத் தைக்கும் கடையாக இருந்த ஓர் இடத்தை வாடகைக்குப் பிடித்துத் தொழில் தொடங்கினார்கள். இருவருக்கும் இருபது வயது தாண்டவில்லை. ஆர்னால்டில் இருந்து 'ஆர்', ரிச்டரில் இருந்து 'ரி'. பெயர் அவ்வளவுதான், தமிழில் எழுதினாலும் சரியாகவே பொருந்துகிறது.

முதலில் செய்தது கேமரா அல்ல, ஃபிலிமைப் பிரதி எடுக்கும் இயந்திரம். நெகட்டிவிலிருந்து தியேட்டருக்கான பிரிண்ட் போடுவதற்கு. இது முக்கியமான தகவல் என்று நினைக்கிறேன். ஆரி தொடக்கத்திலிருந்தே ஒரு பட்டறை மட்டும் அல்ல. படம் பிடித்தார்கள், கழுவினார்கள், பிரிண்ட் போட்டார்கள், விளக்கு செய்தார்கள். பிற்பாடு அவர்கள் கேமராக்களில் தெரிகிற 'இதைத் தூக்கிக்கொண்டு அலையப் போகிறவன் யார்?' என்ற அக்கறை அங்கிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

1924இல் முதல் கேமரா, கினாரி 35. கையால் சுற்றுவது. சின்னப் பெட்டி, 30 மீட்டர் ஃபிலிம்தான் கொள்ளும், அதாவது ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. அன்றைய சந்தையில் இதைவிடப் பெரிய, பெயர்பெற்ற கேமராக்கள் இருந்தன. கினாரி மட்டும் வந்து நின்றிருந்தால் ஆரி பற்றி இன்று யாரும் பேசப்போவதில்லை.

சரி, அன்று கேமராமேன் எப்படித்தான் பார்த்தார்?

இதுதான் பெரிய தலைவலி. லென்ஸுக்குப் பின்னால் ஃபிலிம் இருக்கிறது. கண்ணை அங்கே வைக்க முடியாது. அமெரிக்காவின் மிட்செல் கேமராவில் ஒரு வழி வைத்திருந்தார்கள்: கேமரா உடம்பை அப்படியே பக்கவாட்டில் நகர்த்தினால் லென்ஸுக்குப் பின்னால் ஃபிலிமுக்குப் பதில் பார்க்கும் கண்ணாடி வந்து நிற்கும். ஃப்ரேம் வைத்து, ஃபோகஸ் பார்த்து, மறுபடி நகர்த்திப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, அப்புறம் 'ஸ்டார்ட் கேமரா'. ஷாட் ஓடும்போது பக்கத்தில் மாட்டியிருக்கும் தனி வ்யூஃபைண்டர்தான் கதி. அது லென்ஸுக்குச் சில அங்குலம் தள்ளி இருப்பதால் அது பார்ப்பதும் லென்ஸ் பார்ப்பதும் ஒன்றல்ல. நடிகர் கிட்டே வந்தால் தலை வெட்டுப்பட்டதா இல்லையா என்பது லேபிலிருந்து ஃபிலிம் வந்த பிறகே உறுதி. பிரான்சின் டெப்ரி பார்வோவில் ஃபிலிம் வழியாகவே பார்க்கலாம், மசங்கலாகத் தெரியும். ஃபிலிமின் பின்புறத்தில் கறுப்புப் பூச்சு வந்த பிறகு அந்த வழியும் அடைபட்டது.

ஆரியின் பொறியாளர் எரிக் கேஸ்ட்னர் யோசித்தது வேறு திசையில். (குழந்தைகளுக்குக் கதை எழுதிப் புகழ்பெற்ற அதே பெயர்க்காரர் வேறு, இவர் வேறு.) சினிமா கேமராவில் ஃபிலிம் தொடர்ந்து ஓடுவதில்லை. ஒரு ஃப்ரேம் அசையாமல் நிற்கும், வெளிச்சம் விழும். பிறகு ஷட்டர் மூடும், ஒரு கொக்கி வந்து துளையில் மாட்டி அடுத்த ஃப்ரேமை இழுத்து நிறுத்தும், ஷட்டர் திறக்கும். மூடியிருக்கும் அந்த நேரத்தில் லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் ஷட்டரின் கறுப்புத் தகட்டில் மோதி வீணாகப் போகிறது. அந்த வீண் வெளிச்சத்தைக் கண்ணுக்குக் கொடுத்தால் என்ன?

தகட்டை 45 பாகை சாய்த்து, அதன் முன்புறத்தைக் கண்ணாடியாக்கினார். ஷட்டர் திறந்திருக்கும்போது வெளிச்சம் ஃபிலிமுக்கு, மூடியிருக்கும்போது கண்ணாடியில் பட்டுத் திரும்பி வ்யூஃபைண்டருக்கு. ஒரு துளி வெளிச்சமும் பங்கு போடப்படவில்லை. ஃபிலிமுக்கு அதன் நேரத்தில் முழுசாக, கண்ணுக்கு அதன் நேரத்தில் முழுசாக. படம் மினுக்கி மினுக்கித்தான் தெரியும். ஆனால் லென்ஸ் என்ன பார்க்கிறதோ அதுதான், ஃபோகஸ் உட்பட, ஷாட் ஓடிக்கொண்டிருக்கும்போதே.

இதில் ஒரு சின்ன நிபந்தனை உண்டு. வெளிச்சம் வெளியே வரும் வழியே உள்ளேயும் போகும். கேமராமேன் கண்ணை ஐபீஸிலிருந்து எடுத்துவிட்டால் பின்னாலிருந்து வெளிச்சம் நுழைந்து ஃபிலிம் பாழாகலாம். பழைய படப்பிடிப்புப் புகைப்படங்களில் கேமராமேன் முகத்தைக் கேமராவோடு ஒட்டவைத்த மாதிரி இருப்பதற்கு அவருடைய ஈடுபாடு மட்டும் காரணம் இல்லை.

1937இல் லைப்சிக் கண்காட்சியில் ஆரிஃப்ளெக்ஸ் 35 மக்கள் பார்வைக்கு வந்தது. கண்ணாடி மட்டும் அதன் புதுமை அல்ல. மோட்டாரைக் கீழே வைத்து அதையே கைப்பிடியாக்கினார்கள். முன்னால் மூன்று லென்ஸ் மாட்டிய சுழல் தட்டு, திருப்பினால் அடுத்த லென்ஸ். ஃபிலிம் சுருள் இருக்கும் மேகசினை மேலே பொருத்திக் கழற்றுவது ஒரு நொடி வேலை. ஒரு கையில் பிடித்துத் தோளருகே தூக்கிக்கொண்டு ஓடலாம். அந்தக் காலத்து ஸ்டுடியோ கேமரா ஒன்றைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

தூக்கிக்கொண்டு ஓடத் தோதான கேமராவை முதலில் யார் பயன்படுத்துவார்கள்? இரண்டே ஆண்டில் போர் வந்தது. ஜெர்மானியப் படையோடு போன பிரசாரப் பிரிவுகளின் கையில் ஆரிஃப்ளெக்ஸ் இருந்தது. நாஜி அரசு தன் மக்களுக்குக் காட்டிய போர்க்களச் செய்திப்படங்களில் ஏராளமானவை இதில் எடுத்தவை. நல்ல கருவி யாருக்கும் நன்றாகவே வேலை செய்யும் என்பது கசப்பான உண்மை. எதிர்ப்பக்கத்துக்காரர்களும் இதைக் கவனித்தார்கள். கைப்பற்றிய கேமராக்களைப் பார்த்து அமெரிக்காவில் சினிஃப்ளெக்ஸ் என்ற பெயரில் ஒரு நகலே செய்தார்கள். 1944 குண்டுவீச்சில் ஆரியின் மியூனிக் கட்டடம் சிதைந்தது.

போரில் அள்ளி வந்த சாமான்களோடு இந்தக் கேமராவும் ஹாலிவுட் போய்ச் சேர்ந்தது. 1947இல் வெளியான 'டார்க் பாசேஜ்' படம்தான் அங்கே ஆரிஃப்ளெக்ஸைப் பயன்படுத்திய முதல் படம் என்பார்கள். அதில் முதல் பகுதி முழுக்கக் கதாநாயகனின் முகமே தெரியாது, எல்லாம் அவன் கண் வழியாகவே. அதற்கு இதைவிடப் பொருத்தமான கேமரா அன்று கிடையாது. அடுத்த ஆண்டு ராபர்ட் ஃபிளாஹர்ட்டி 'லூசியானா ஸ்டோரி'யை இதில் எடுத்தார். சதுப்பு நிலத்தில், படகில், ஒரு சிறுவனின் பின்னால் போய்க்கொண்டே எடுத்த படம்.

மியூனிக்கில் 1946இலேயே இரண்டாவது மாடலோடு வேலை தொடங்கிவிட்டது. 1952இல், அகலம் குறைந்த 16 எம்எம் ஃபிலிமுக்கான ஆரிஃப்ளெக்ஸ் 16எஸ்டி வந்தது. தொலைக்காட்சிச் செய்திக்காரர்களுக்கும் ஆவணப்படக்காரர்களுக்கும் அது வரப்பிரசாதம். 35 எம்எம் பக்கம் 2ஏ, 2பி என்று கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டே போய், 1964இல் வந்து நின்றது 2சி.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 2சி பற்றிப் பேசாமல் இந்தியாவில் எந்த மொழி சினிமாவின் கதையையும் பேச முடியாது. 'டூ-சி' என்று சொன்னாலே போதும், ஒரு தலைமுறை டெக்னீஷியன்களின் முகம் மாறும்.

மேகசினோடு, மோட்டாரோடு சேர்த்து ஐந்தாறு கிலோ. மிட்செலின் ஸ்டுடியோ கேமராவான பிஎன்சி 45 கிலோவுக்கு மேல். இந்த ஒரு வித்தியாசத்திலேயே பாதிக் கதை இருக்கிறது. ஸ்டுடியோத் தளத்தில் வீடு, தெரு, கிணற்றடி எல்லாம் செட் போட்டு, கனமான கேமராவை அதன் முன்னால் நிறுத்தி எடுத்த சினிமா, வெளியே கிளம்பியது. வயல் வரப்பில் வைக்கலாம், மாட்டுவண்டியில் ஏற்றலாம், பள்ளம் தோண்டி உள்ளே உட்கார்ந்தும் எடுக்கலாம். எழுபதுகளின் பிற்பகுதியில் தமிழ்ப்படம் நிஜக் கிராமத்துக்குப் போனதற்கு இயக்குநர்களின் துணிச்சலும் ரசனையும் முதல் காரணம், சந்தேகமில்லை. ஆனால் கையில் தூக்கிக்கொண்டு போக ஒரு கேமரா இருந்தது என்பதையும் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும்.

400 அடி மேகசின் போட்டால் நாலரை நிமிடம் ஓடும். தீர்ந்ததும் உதவியாளர் கறுப்புப் பைக்குள் இரண்டு கையையும் விட்டு, கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு, விரல் தடவலிலேயே புது ஃபிலிமை ஏற்றுவார். மோட்டாரின் வேகத்தை ஒரு திருகில் கூட்டிக் குறைக்கலாம். பின்னால் இருக்கும் மீட்டரில் முள் 24இல் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சண்டைக்காட்சி என்றால் வேண்டுமென்றே 20க்கோ 18க்கோ இறக்கிவிடுவார்கள், திரையில் அடி வேகமாக விழும்.

அப்புறம் ஜூம். லென்ஸ் வழியாகவே பார்க்க முடிந்தால்தான் ஷாட் ஓடும்போது ஜூம் பண்ணுவதில் அர்த்தம் உண்டு. பக்கத்து வ்யூஃபைண்டரில் பார்த்துக்கொண்டு ஜூம் போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பது போல. அறுபதுகளில் பிரான்சின் ஆஞ்ஜெனியூ நிறுவனம் 25-250 எம்எம் ஜூம் லென்ஸைக் கொண்டுவந்தது. அதையும் சுழலும் கண்ணாடியையும் ஒன்றாக மாட்டிக் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? எழுபதுகளின் படங்களில் அதிர்ச்சிச் செய்தி கேட்டதும் கேமரா சரேலென்று முகத்துக்குப் பாய்ந்து, திரும்ப வந்து, மறுபடி பாயுமே, அது ஆகும். கேலி செய்யலாம். ஆனால் அதுவரை அப்படி முடிந்ததில்லை என்பதால் வந்த உற்சாகம் அது.

குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது. சத்தம்.

2சி ஓடும்போது தையல் மிஷின் மாதிரி கடகடக்கும். உவமை தற்செயலானது அல்ல. ஃபிலிமை இழுத்து நிறுத்தி இழுத்து நிறுத்தும் வேலையும், துணியை நகர்த்தி நிறுத்தித் தைக்கும் வேலையும் இயந்திர உறவுக்காரர்கள். நடிகர் நாலடி தூரத்தில் நின்று கிசுகிசுப்பாகக் காதல் சொன்னால், மைக்கில் ஏறுவது முதலில் கேமரா. சத்தத்தை அடக்கும் பெட்டி ஒன்றை ஆரியே செய்து விற்றது. உள்ளே வைத்துப் பூட்டினால் சத்தம் குறையும், ஆனால் கனம் மிட்செல் பக்கம் போய்விடும். எதற்காக 2சி வாங்கினோமோ அதுவே போச்சு.

ஐரோப்பாவிலும் இந்தச் சிக்கல் இருந்தது. இத்தாலியில் எப்படியும் பின்னால்தான் குரல் சேர்ப்பார்கள் என்பதால் கவலைப்படவில்லை. செர்ஜியோ லியோனேயின் கௌபாய்ப் படங்கள் அப்படி வந்தவை. இந்தியாவிலும் அதே பாதைதான் பிடிக்கப்பட்டது. முப்பதுகளிலிருந்து ஐம்பதுகள் வரை நம் நடிகர்கள் தளத்தில் பேசியதுதான் படத்தில் கேட்டது. அறுபதுகளுக்குப் பிறகு 2சி பரவப் பரவ, தளத்தில் பதிவாவது வெறும் பைலட் ட்ராக் ஆனது, பின்னால் டப்பிங் தியேட்டரில் உதட்டசைவு பார்த்துப் பேசுவதற்கு ஒரு வழிகாட்டி. இந்த மாற்றத்துக்குக் கேமரா மட்டும் காரணம் என்று சொன்னால் மிகை. வெளிப்புறப் படப்பிடிப்பில் வண்டிச் சத்தம், கூட்டத்தின் சத்தம் எல்லாம் இருக்கிறது. ஆனாலும் முதல் தள்ளு இந்தக் கடகடப்புதான் என்பதில் ஒலிப்பதிவுக்காரர்கள் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள்.

டப்பிங் வந்ததும் அதைச் சுற்றி ஓர் உலகமே வளர்ந்தது. ஷாட் ஓடும்போதே இயக்குநர் 'திரும்பு, பார், இப்ப அழு' என்று கத்தலாம். தமிழ் தெரியாத நடிகை கதாநாயகி ஆகலாம், குரல் வேறொருவர் தருவார். டப்பிங் கலைஞர் என்று ஒரு தொழிலே உருவானது. ஓர் ஜெர்மன் இயந்திரத்தின் சத்தம் நம் ஊர்க் கதாநாயகிகளின் குரலைத் தீர்மானித்தது என்று யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

ஆரிக்காரர்களுக்கு இந்தச் சத்தம் உறுத்தாமல் இருக்குமா? 1965இல் 16 எம்எம்மில் சத்தமில்லாத 16பிஎல் செய்தார்கள். பிறகு 1972இல் 35பிஎல். வெளியே பெட்டி மாட்டாமல், கேமராவையே இரண்டு அடுக்காகக் கட்டி, உள்ளே ஓடும் இயந்திரத்தின் அதிர்வு வெளி உடம்புக்குப் போகாதபடி செய்தார்கள். மேகசினை மேலே வைக்காமல் பின்னால் வைத்ததால் தோளில் பாந்தமாக உட்கார்ந்தது. அந்த ஆண்டு மியூனிக்கிலேயே நடந்த ஒலிம்பிக்கில் அது களத்தில் இறங்கியது. சத்தமும் இல்லை, தோளிலும் வைக்கலாம் என்ற இரண்டும் ஒரே கேமராவில் கிடைத்தன. ஸ்டான்லி குப்ரிக் 'பேரி லிண்டன்' படத்தைப் பெரும்பாலும் 35பிஎல்லில் எடுத்தார். மெழுகுவர்த்தி வெளிச்சக் காட்சிகளுக்கு மட்டும் பழைய மிட்செல், ஏனென்றால் அவ்வளவு குறைந்த வெளிச்சத்திலும் படம் பிடிக்கும், ஸைஸ் (Zeiss) நிறுவனத்தின் அசுரத்தனமான லென்ஸை அதில்தான் மாட்ட முடிந்தது.

பிஎல் பிறகு பல பதிப்புகள் கண்டு பிஎல்4 வரை போனது. இந்தியாவுக்கும் வந்தது. ஆனால் அதற்குள் டப்பிங் ஊறிப்போயிருந்தது. கேமரா வாய் மூடியதால் நடிகர் தளத்தில் வாய் திறந்துவிடவில்லை.

மற்ற மாடல்களை வேகமாகச் சொல்லிவிடலாம். 1975இல் 16எஸ்ஆர், ஐபீஸை எந்தப் பக்கமும் திருப்பிக்கொள்ளலாம். 1979இல் 35-3, நம் ஆட்கள் 'ஆரி த்ரீ' என்பது இதைத்தான். 2சி-யின் இடத்துக்கு வந்தது. ஒவ்வொரு ஃப்ரேமையும் ஊசி குத்தி அசையாமல் பிடிக்கும் வசதி இருந்ததால் படம் ஆடாது. 1990இல் 535, சத்தமில்லாத பெரிய கேமரா. 1995இல் 435, நொடிக்கு 150 ஃப்ரேம் வரை ஓடும், பின்னோக்கியும் ஓடும், ஓடிக்கொண்டிருக்கும்போதே வேகத்தை மாற்றலாம். 2000க்கு முன்னும் பின்னுமான தமிழ்ப் பாடல்களிலும் சண்டைகளிலும் திடீரென்று மெதுவாகி, திடீரென்று வேகமெடுக்கும் காட்சிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாணிக்கு 435 மாதிரி தோதான கேமரா கிடையாது. போட்டியாளரான ஆஸ்திரியாவின் மூவிகேமை வாங்கி, இருவர் அறிவையும் சேர்த்து 2000இல் ஆரிகேம் செய்தார்கள். ஃபிலிம் கேமராவில் அதற்கு மேல் சேர்க்க அதிகம் மிச்சமில்லை என்று தோன்றும் அளவுக்கு முழுமையான கருவி. வந்த நேரம்தான் சரியில்லை.

இடையில் 1982ஆம் ஆண்டுக்கான ஆஸ்கர் விருதுகளில் ஆர்னால்டுக்கும் கேஸ்ட்னருக்கும் சுழலும் கண்ணாடிக்காகச் சிலையே கொடுத்தார்கள். கேமரா வந்து 45 வருடம் கழித்து. ரிச்டர் அதற்குப் பத்து வருடம் முன்பே இறந்துவிட்டார்.

டிஜிட்டலுக்கு ஆரி தாமதமாகத்தான் வந்தது. 2005இல் டி-20. ஃபிலிம் இருந்த இடத்தில் சென்சார். ஆனால் முன்னால் அதே கண்ணாடி சுழன்றுகொண்டிருந்தது! சென்சாருக்குக் கண்ணாடி ஷட்டர் அவசியமே இல்லை. சென்சார் பார்ப்பதை அப்படியே ஒரு சின்னத் திரையில் காட்டிவிடலாம். ஆனாலும் கேமராமேன்கள் கண்ணாடி வழியாக நேராகப் பார்த்துப் பழகியவர்கள், அதை எப்படி எடுப்பது என்ற தயக்கம். கனமான, விலையுயர்ந்த கேமரா. அதற்குள் அமெரிக்காவின் ரெட் நிறுவனத்து டிஜிட்டல் கேமரா குறைந்த விலையில் வந்து சந்தையைக் கலக்கியது. ஆரி முடிந்தது என்று பேசினார்கள்.

2010இல் அலெக்ஸா வந்தது. கண்ணாடி இல்லை, மின்னணு வ்யூஃபைண்டர். எண்ணிக்கையில் அதன் பிக்சல்கள் போட்டியாளரைவிடக் குறைவு. ஆனால் ஜன்னல் வெளிச்சமும் ஜன்னலோரத்து நிழலும் ஒரே ஃப்ரேமில் இருந்தால் இரண்டையும் விடாமல் பிடித்தது. முகத்தின் நிறம் முகம் மாதிரியே இருந்தது. 90 வருடம் ஃபிலிமை ஓட்டியும், கழுவியும், ஸ்கேன் செய்தும் பார்த்தவர்களுக்குப் படம் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது, பிக்சல் எண்ணிக்கையில் அவர்கள் மயங்கவில்லை. எடுத்ததை நேராக எடிட்டிங் மேசைக்குக் கொண்டுபோகும்படி பதிவு செய்ததும் தயாரிப்பாளர்களுக்குப் பிடித்துப்போனது. 'ஹியூகோ' அலெக்ஸாவில் எடுக்கப்பட்டு ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் வாங்கியது. அடுத்த ஆண்டே 'லைஃப் ஆஃப் பை', நம் புதுச்சேரியில் தொடங்கும் கதை, அதே கேமரா, அதே விருது.

அலெக்ஸா வந்த அடுத்த ஆண்டு, 2011இல், ஆரி உட்பட முக்கியமான நிறுவனங்கள் புது ஃபிலிம் கேமரா செய்வதை நிறுத்திவிட்டன என்ற செய்தி வந்தது. யாரும் அறிவிப்பு வெளியிட்டு நிறுத்தவில்லை, ஆர்டர் வருவது நின்றது, அவ்வளவுதான். ஏற்கெனவே செய்தவை இன்றும் ஓடுகின்றன. ஃபிலிமில் எடுத்தே தீருவேன் என்கிற இயக்குநர்களுக்கு வாடகைக்குப் போகும் ஆரிகேம்களும் 435களும் அந்தக் கடைசித் தலைமுறைதான். நிறுவனமே 2019இல் நூறாண்டுக்கும் மேல் இருந்த ட்யூர்க்கன் வீதியைவிட்டு நகரத்தின் வேறு பகுதிக்குக் குடிபோனது.

கண்ணாடியை அவர்கள் உடனே விட்டுவிடவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். 2012இல் அலெக்ஸா ஸ்டுடியோ என்று ஒரு மாடல் போட்டார்கள். டிஜிட்டல் கேமரா, உள்ளே சுழலும் கண்ணாடி, நேராகக் கண்ணால் பார்க்கும் வ்யூஃபைண்டர். மின்னணுத் திரையில் பார்ப்பது பிடிக்காதவர்களுக்காக. அதிகம் பேர் கேட்கவில்லை. மற்ற அலெக்ஸாக்களில் பழைய பழக்கத்தின் ஒரே ஒரு துண்டு மட்டும் மிஞ்சியது: பதிவாகும் ஃப்ரேமுக்கு வெளியேயும் கொஞ்சம் இடம் வ்யூஃபைண்டரில் தெரியும், மைக் உள்ளே வரப்போகிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள. கண்ணாடிக் காலத்தில் அது தானாகவே தெரிந்தது. இப்போது சென்சாரை அதற்கென்றே கொஞ்சம் பெரிதாகச் செய்து தெரியவைக்கிறார்கள்.

இன்றைக்கு ஷாட் நடுவே யாராவது ஃப்ளாஷ் அடித்தால், கேமராமேன் பார்ப்பதும் படத்தில் இருப்பதும் ஒன்றுதான்.